பொட்டு வைக்காத போல்ட்

செல்வம்,

கொரோனா வந்து போன மறுவருஷம் அது. தேதி சொல்ல எனக்குத் தெரியாது, ஆனால் வருஷம் தப்பாது. பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடங்களைத் திரும்பத் திறந்த வருஷம். ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை வரைக்கும் விடாமல் பெய்து, சாணார்பட்டிப் பக்கம் கிணற்றுத் தண்ணீரைக் கையாலேயே மொள்ளலாம் என்கிற அளவுக்கு நிறைந்து கிடந்தது. உன் அம்மாவுக்கு முதல் திவசம் கொடுத்தோம். என் இடது இடுப்பில் ஆஸ்பத்திரிக்காரர்கள் இரும்பு வைத்ததும், என் கூட்டாளி மெக்கானிக் காதர் வலது கண்ணில் புரை எடுத்ததும் அதே வருஷம்தான். அந்த வருஷம்தான் நம் ஜீப்பில் கிளட்ச் இல்லாத கியர் பெட்டியைப் பூட்டினோம். பூட்டிய அன்றைக்கே வண்டி நின்றது. ஏன் நின்றது என்று இத்தனை நாள் நான் ஒன்றை நம்பிக்கொண்டிருந்தேன். போன மாதம் கோயம்புத்தூரில் உன் வீட்டு வாசலில் வேறொன்று தெரிந்துகொண்டேன்.

இதை எழுதுவது எதிர் வீட்டு மேரி டீச்சர். நான் சொல்லச் சொல்ல, என் பேச்சுக்குக் கொஞ்சம் இஸ்திரி போட்டு எழுதுகிறார். "பெத்த புள்ளைக்கு இம்புட்டுக் கோவமா எழுதணுமாய்யா? போன்ல ரெண்டு வார்த்தை பேசிருங்களேன்" என்றார். போனில் நீ 'சரிப்பா, சரிப்பா' என்பாய், பேச்சு அதோடு முடிந்துபோகும். காகிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் நீ வந்துதான் ஆக வேண்டும். மருமகள் கவிதாவும் பேரப்பிள்ளைகளும் இதைப் படிக்க வேண்டும் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று ஏன் சாப்பிடாமல் பஸ் ஏறினேன் என்று தினமும் கேட்கிறாய். நிரந்தரமாக எப்போது வந்து தங்கப்போகிறேன் என்றும் கேட்கிறாய். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். அன்று உன் புதுக்காரைக் காட்ட என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாய். "உக்காருங்கப்பா, இதுல கிளட்ச்சே கிடையாது, ரெண்டே பெடல்தான்" என்று சொல்லி என்னை உட்காரவைத்தாய். யாரோ கூப்பிட்டார்கள், உள்ளே போய்விட்டாய். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். கவிதா காபி கொண்டுவந்தாள். "நம்ம ஜீப்புலயும் இதே மாதிரிப் பெட்டிதாம்மா பூட்டுனோம். எனக்குத்தான் குடுத்துவைக்கல. காதரு கெடுத்துப்புட்டான்" என்றேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "என்ன மாமா, இன்னமும் காதர் மாமாவையே சொல்றீங்க? வேணும்னேதான் இழுத்துப் பூட்டுனேன்னு இவரு உங்ககிட்ட அப்பவே சொல்லிட்டாராம்ல. நீங்களும் மன்னிச்சு விட்டுட்டீங்கன்னாரே" என்றாள்.

என் முகத்தைப் பார்த்தபிறகுதான் அவளுக்குப் புரிந்தது. காபி டம்ளரை என் கையில் கொடுக்காமல் கார் மேலேயே வைத்தாள். "ரோட்ல உங்களுக்கு ஒன்னும் ஆயிரக் கூடாதேன்னுதான் மாமா... எங்கிட்டச் சொல்றப்ப அழுதுட்டாரு" என்றாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. இதை வைத்து அவளை ஒரு வார்த்தை கேட்டாய் என்று என் காதுக்கு வரக் கூடாது.

அந்த ஜீப் எப்படி வந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. நீ அம்மா வயிற்றில் இருந்தபோது அது ஒரு பெட்ரோல் வண்டி. மேடு ஏறினால் மூச்சு வாங்கும். காதர்தான், "இத வச்சுக்கிட்டு ஆயக்குடிக் கொய்யா ஏத்தப் போறியா மச்சான்? கொய்யா பழுத்து, மொளச்சு, மறுபடி காய்ச்சிரும்" என்று சொல்லி, ஒரு வேனின் டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தான். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, டர்போவும் மாட்டினான். எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் அளவு ஒத்துவரவில்லை. லேத்துப் பட்டறை ஆரோக்கியம் நடுவில் வைக்க ஒரு இரும்புத் தட்டு கடைந்து கொடுத்தான். சங்கிலி போட்டு எஞ்சினை இறக்கும்போது காதரின் தம்பி ஜமால் தாங்கிப் பிடித்தான். உன் அம்மா அத்தனை பேருக்கும் சோறாக்கிப் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். அந்த எஞ்சின் மெதுவாகத்தான் சுற்றும், ஆனால் முட்டித் தள்ளும். நீ படித்ததும், உன் அக்காவைக் கட்டிக்கொடுத்ததும் அது இழுத்த பாரத்தில்தான்.

காதர் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலையிலும் கடைசியாக முறுக்கியவன் எவனோ, அவன் அந்த போல்ட் தலையில் வெள்ளைப் பெயின்ட்டை விரலால் தொட்டு ஒரு பொட்டு வைக்க வேண்டும். பொட்டு இருந்தால் முறுக்கியாயிற்று, அதற்கு அவன் பொறுப்பு என்று அர்த்தம். எழுதப் படிக்கத் தெரியாத எனக்கு அது வசதி. வண்டிக்கு அடியில் தலையைக் கொடுத்துப் பார்த்தாலே எது முடிந்தது, எது முடியவில்லை என்று தெரிந்துவிடும். காதரின் கட்டை விரலில் அந்த வெள்ளை போனதே இல்லை. ரம்ஜானுக்குக் கஞ்சி கொண்டுவந்தால் தூக்குவாளிப் பிடியிலும் ஒட்டியிருக்கும். "பாத்திரத்துக்கும் பொட்டு வச்சுட்டாரு அண்ணன், இனிக் கழலாது" என்று உன் அம்மா கேலி செய்வாள்.

நீ காலேஜில் படிக்கும்போது என்னிடம் கேட்காமல் ஜீப்பை எடுத்துக்கொண்டுபோய்த் தோட்டத்து மோட்டார் அறைச் சுவரில் இடித்தாயே, நினைவிருக்கிறதா? நான் பெல்ட்டோடு வந்தேன். காதர் வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "புள்ளையத் திட்டாத மச்சான். பிரேக் ஆயில் இறங்கிருச்சு, நான் போன வாரம் சரியாப் பாக்கல" என்றான். அன்று காலையில்தான் நான் அந்த வண்டியை ஓட்டியிருந்தேன். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. அவன் பொய் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். நீ மட்டும் தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டாய். அன்று அவன் உனக்குச் செய்தது நல்லதா கெட்டதா என்று இப்போது யோசிக்கிறேன்.

இடுப்பில் இரும்பு வைத்த பிறகு எனக்கு இடது கால் கிளட்ச்சை மிதிக்க மறுத்தது. தோட்டத்துக்குப் போக ஆள் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. அப்போது நீதான் சொன்னாய். நான் கேட்கவில்லை, செல்வம். நீயாகத்தான் வந்து, "ஜீப்புக்கு ஆட்டோமேட்டிக் பெட்டி போட்டுருவோம்பா, இடது காலுக்கு வேலையே இருக்காது" என்றாய். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில். கோயம்புத்தூரில் பழைய சாமான் கடைகளில் அலைந்து, கம்ப்யூட்டர் கலக்காத பழைய மாடல் பெட்டி ஒன்றை நீதான் தேடி எடுத்துவந்தாய். அதோடு வந்த கன்வர்ட்டரை, கிளட்ச்சுக்குப் பதிலாக நிற்கிற அந்தப் பானையை, காதர் வேண்டாம் என்றான். "இது பெட்ரோல் காருக்கு உள்ளது செல்வம். எஞ்சின் வேகமாச் சுத்துனாத்தான் இது பிடிக்கும். நம்மது நிதானமாச் சுத்தி மோதுற ஆளு. டீசல் வண்டியில இருந்தது வேணும்" என்றான். நீ மறுபடி போய் அதையும் தேடிக் கொண்டுவந்தாய். அதுவரைக்கும் நீ உண்மையாகத்தான் இருந்தாய் என்று நினைக்கிறேன். நடுவில் எந்த இடத்தில் மாறினாய் என்று எனக்குத் தெரியவில்லை.

கிளட்ச் இல்லாமல் எஞ்சினும் சக்கரமும் எப்படிச் சேரும் என்று நான் கேட்டேன். காதர், "உங்கல்யாணத்துக்கு பிரியாணி அண்டாவுல கரண்டி சுத்துனாங்கள்ல, ஓரத்துல கெடந்த கறியும் சேந்து சுத்துச்சா இல்லையா? கரண்டி அதத் தொட்டுச்சா? அம்புட்டுத்தான் மச்சான். இந்தப் பானைக்குள்ள எண்ணெய் இருக்கு. எஞ்சின் எண்ணெயச் சுத்தும், எண்ணெய் பெட்டியச் சுத்தும்" என்றான். "எங்கல்யாணத்துல ஏதுடா பிரியாணி, சாம்பார்தான்" என்றேன். "அதான் உனக்கு வெளங்க மாட்டேங்குது" என்றான். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆரோக்கியம் புதுப் பெட்டிக்கு வேறு தட்டு கடைந்து கொடுத்தான். அவன் செய்த கடைசி வேலை அதுதான் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை பூட்டினோம். பட்டறைக்கு வெளியே நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருந்தேன். காதர் கன்வர்ட்டரைப் பெட்டியின் தண்டில் சொருகி, மெதுவாகத் திருப்பித் திருப்பித் தள்ளினான். மூன்று படியாக அது உள்ளே இறங்கி உட்கார வேண்டும். டொக்கென்று ஒன்று இறங்கியது. செத்த நேரம் கழித்து இன்னொன்று. பெட்டியை எஞ்சினோடு சேர்த்து நிறுத்தினான். நடுவில் அரை இஞ்ச் இடைவெளி நின்றது. தொழுகைக்கு நேரமாகிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டே உன்னிடம் அவன் சொன்னது எனக்கு எழுத்து எழுத்தாக நினைவிருக்கிறது. "ரெண்டு இறங்கிருச்சு. மூணாவது இன்னும் இறங்கல, அதான் அரை இஞ்சு நிக்குது. சாதாப் பெட்டின்னா போல்ட்ட முறுக்கி இழுத்துருவோம், திண்டுக்கல்லுல அம்புட்டுப் பேரும் அப்படித்தான் இழுப்போம், வந்துரும். இதுல இழுத்தா உள்ள எண்ணெய் பம்பு நொறுங்கிரும். நான் வர்ற வரைக்கும் தொட்ராத அப்பு." நீ, "சரி மாமா" என்றாய். அவன் போனதும் என்னையும், "சாப்ட்டு வாங்கப்பா, நான் பாத்துக்கிறேன்" என்று அனுப்பிவைத்தாய்.

நான் திரும்பியபோது பெட்டி மூடியிருந்தது. காதர் உன்னோடு நின்று, சக்கரத்துக்குப் போகிற பின் தண்டைப் பூட்டிக்கொண்டிருந்தான். அவன்தான் வந்து மூடினான் என்று நினைத்துக்கொண்டேன். "மச்சான், உள்ள கைய விட்டு ஒருக்காச் சுத்திப் பாத்துர்றேன், சந்தேகமா இருக்கு" என்றான் காதர். "மூணு மணிக்கு எமகண்டம் வந்துரும்டா. செல்வம் கூடவே நின்னுருக்கான்ல, அவன் பாத்திருப்பான்" என்றேன். அவன் உன்னைப் பார்த்தான். நீ தலையை ஆட்டினாய். நான் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். அவசரப்பட்டது நான்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தலையாட்டல் உன்னுடையது.

வண்டி நகர்ந்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும், பக்கத்தில்தான் இருந்தாய். இடது கால் சும்மா கிடந்தது. வலது காலை வைத்ததும் வண்டி தானாக, தண்ணீரில் மிதக்கிற மாதிரிப் போனது. பின்னால் உட்கார்ந்திருந்த காதரிடம், "ஏ மாப்ள, வெண்ணெய் மாதிரிப் போகுதுடா" என்றேன். நீ ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாய். ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது அடியில் ஒரு ஊளைச் சத்தம் கேட்டது. எஞ்சின் அலறுகிறது, சக்கரம் சுற்றவில்லை. காதர் சொன்ன அந்த எண்ணெய் பம்பு நொறுங்கிவிட்டது. வண்டி பின்னால் உருண்டது, பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். பின்னால் டவுன் பஸ். கண்டக்டர் தலையை நீட்டி, "யோவ் பெருசு, கியரப் போடுய்யா" என்றான். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். போடுவதற்கு அந்த வண்டியில் ஏது கியர்?

இறங்கி வந்து, அத்தனை பேர் நடுவில் நான் காதரைக் கேட்டேன். "இழுத்துப் பூட்டாதன்னு ஊருக்குச் சொல்லிட்டு நீயே இழுத்துட்டியா? கண்ணு போச்சு, கையும் போச்சு. பட்டறையப் பூட்டிட்டு வீட்ல கெடக்க வேண்டியதுதானே." அவன் கட்டை விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றான். நீ எனக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாய், செல்வம். ஒரு எட்டு முன்னால் வந்து, 'நான்தாம்பா மூடுனேன்' என்று சொல்லியிருக்கலாம். வேணும் என்று செய்ததைக்கூடச் சொல்ல வேண்டாம், மூடியது நான் என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். நீ போனை எடுத்து, வண்டியை இழுக்க ஆள் கூப்பிட்டாய்.

அந்த மாதமே காதர் பட்டறையைப் பூட்டினான். என் சொல்லை பஸ்ஸில் இருந்தவர்கள் கேட்டார்கள், பழைய கரூர் ரோட்டுக் கடைக்காரர்கள் கேட்டார்கள், காதர் பாய்க்குக் கை போய்விட்டது என்று ஊர் முழுக்கப் போய்விட்டது. அவனிடம் வேலை பழகியவர்களே வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். இப்போது அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அன்றிலிருந்து நான் அவனோடு பேசவில்லை. ஜமால் இறந்தபோது போய் நின்றேன், அப்போதும் பேசவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து வந்த மறுநாள், டீச்சர் மகனைக் கூப்பிட்டு ஜீப் மேல் கிடந்த தார்ப்பாயை எடுக்கச் சொன்னேன். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். எஞ்சின் கட்டையில் பொட்டு இருக்கிறது. ஆரோக்கியத்தின் தட்டில் இருக்கிறது. பின் தண்டில் இருக்கிறது. பெட்டியை எஞ்சினோடு மூடிய போல்ட்டுகள் ஒன்றில்கூடப் பொட்டு இல்லை. அன்றைக்கே குனிந்து பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். உன்னைச் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆட்டோ பிடித்துக் காதரைத் தேடிப் போனேன். பேகம்பூரில் மகள் வீட்டில் இருக்கிறான். சிறுநீரகம் கெட்டுவிட்டது, வாரத்துக்கு இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்யக் கொண்டுபோகிறார்கள். பாதி ஆளாகிவிட்டான். என்னைப் பார்த்ததும், "வா மச்சான், இடுப்பு எப்படி இருக்கு?" என்றான், நேற்றுத்தான் பார்த்த மாதிரி. நான் விஷயத்தைச் சொன்னேன். அவன், "மூடுனது செல்வம்தான், எனக்குத் தெரியுமே. மூணாவதும் இறங்கிருச்சு மாமான்னான். நான் சரியா நிறுத்தியிருந்தா அது நெசமாவே இறங்கியிருக்கும். எங்கயோ என் கை பிசகிருக்கு. பொட்டு வைக்காத வண்டிய வெளிய விட்டேன் பாரு, அப்பவே நான் பட்டறைய மூடியிருக்கணும்" என்றான்.

"பிசகலடா. அவன் வேணும்னே இழுத்திருக்கான். நீ சொல்லிக்குடுத்தத வச்சே உடைச்சிருக்கான்" என்றேன்.

"போ மச்சான். என்னயத் தேத்துறதுக்காகப் பெத்த புள்ள மேல பழி போடாத. செல்வம் அப்படிச் செய்றவன் இல்ல" என்றான். கவிதா சொன்னதைச் சொன்னேன், ஆணையிட்டுச் சொன்னேன். அவன் என் கையைத் தட்டிக் கொடுத்து, "சாப்ட்டியா?" என்றான். அவ்வளவுதான். அவன் மகள் வாசல் வரைக்கும் வந்து, "அத்தா படுத்துக்கிட்டே எதையோ திருப்பித் திருப்பித் தள்ளுற மாதிரிக் கையை ஆட்டிக்கிட்டே இருக்காங்க மாமா, என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறாங்க" என்றாள். என்ன என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். மூன்றாவது ஏன் இறங்கவில்லை என்று அவன் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நீ என்னிடம் வந்து, 'வண்டி ஓட்டாதீங்கப்பா, எனக்குப் பயமா இருக்கு' என்று சொல்லியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன். சாவியைச் சுவரில் எறிந்திருப்பேன், ஒரு வாரம் உன்னோடு பேசியிருக்க மாட்டேன். பிறகு கொடுத்திருப்பேன், செல்வம். உன் பயத்துக்கு நான் கொடுத்திருப்பேன். நீயோ தருகிறேன் என்று சொல்லி, தேடி அலைந்து, என்னைச் சந்தோஷப்படவைத்து, பாதி வழியில் பிடுங்கிக்கொண்டாய். அதைக்கூட என்றைக்காவது விழுங்கிவிடுவேன். நான் கொடுக்காத மன்னிப்பை என் பெயரில் எடுத்துக்கொண்டுபோய் உன் பெண்டாட்டியிடம் காட்டினாயே, அதை எப்படி விழுங்குவது என்றுதான் தெரியவில்லை. இந்த வரியை விட்டுவிடலாமா என்று டீச்சர் கேட்கிறார். விட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நாளைக்கு உன் பிள்ளைகளுக்கு ஒன்றை மறுக்க வேண்டி வந்தால் வாயால் மறுத்துவிடு. அவர்கள் அழுதால் அழட்டும். எனக்குச் சொல்லத் தெரிந்த புத்திமதி இவ்வளவுதான்.

நான் கோயம்புத்தூருக்கு வர வேண்டும் என்றால் முதலில் நீ இங்கே வர வேண்டும். என்னிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், எனக்குத்தான் தெரிந்துவிட்டதே. பேகம்பூருக்குப் போ. அவனிடம் வேலை பழகியவர்களையும் கூட்டிக்கொண்டு போ, அவர்களும் கேட்கட்டும். மாமா, உங்க கை பிசகல, நான்தான் வேணும்னே இழுத்தேன் என்று உன் வாயால் சொல். நான் சொன்னால் அவன் நம்ப மாட்டேன் என்கிறான். உன்னைத்தான் நம்புகிறான், இன்னமும். யோசிக்க நாள் எடுத்துக்கொள்ளாதே. அந்த எஞ்சினை ஜீப்பில் இறக்கிய அன்று அங்கே நின்றவர்களில் உன் அம்மா போய்விட்டாள். ஆரோக்கியம் போய்விட்டான். ஜமால் போய்விட்டான். என்னை விட்டால் மிச்சம் இருப்பது ஒரே ஆள், காதர்.